உடைந்த பானை ஒட்ட பாராலாய்டு பி-72: நிறை, குறை

அகழாய்வில் கிடைக்கும் வீட்டுப் பானை ஓடுகளை ஒட்ட, பாராலாய்டு பி-72 என்ற இந்த அக்ரிலிக் பிசினைவிட நம்பகமான பசை குறைவு. முக்கியக் காரணம்: தவறாக ஒட்டினால் அசிட்டோன் தடவிப் பிரித்துவிடலாம். இறுகினால் கரையாத எபாக்ஸிப் பசையில் அது நடக்காது. மஞ்சளாவதும் அரிது.

கண்ணாடி போன்ற மணிகளாக வரும். 50 கிராம் மணிகளை மெல்லிய துணியில் முடிந்து ஜாடியில் தொங்கவிட்டு, அசிட்டோன் ஊற்றி மொத்தம் 100 மில்லியாக்குங்கள். நேரடியாகக் கொட்டினால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மறுநாள் தேன் பதத்தில் இருக்கும்.

குறைந்த சூட்டில் சுட்ட சமையல் பானைதான் சோதிக்கும். அதன் நுண்துளைகள் பசையை உறிஞ்சிவிட, மூட்டு வெறுமையாகிவிடும். முதலில் இதே பசையின் 5 சதவீதக் கரைசலை உடைந்த விளிம்பில் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். ஈர ஓட்டில் வெள்ளை பூக்கும். பசையைத் தடிமனாக அப்பினால் குமிழி வரும். அடியிலிருந்து வாய் நோக்கி வரிசையாக ஒட்டாவிட்டால் கடைசி ஓடு நுழையாது. ஒட்டியதை மணல் தட்டில் சாய்த்து வையுங்கள்.

பெரிய குறை வெப்பம். 40 டிகிரியை நெருங்கினாலே இளகும். தகரக் கூரைக் கிடங்கில் கனமான தாழியின் மூட்டு மெல்ல நழுவும். அங்கே இதே வகையில் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் பாராலாய்டு பி-44 அல்லது இரண்டின் கலவை மேல்.

உள்சுவரில் ஊறிய கொழுப்பை ஆய்வுக்கு அனுப்புவதாக இருந்தால், சில ஓடுகளைக் கழுவாமல், பசை படாமல், பிளாஸ்டிக் பையில் போடாமல் அலுமினியத் தாளில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.