பழைய மீட்டரைப் புது எஞ்சினில் ஓட வைக்கிறோம் என்பவர்களிடம் உஷார்: 16,500 ரூபாய் போச்சு

அம்பாசடர், பத்மினி, ஜீப் என்று பழைய வண்டிக்கு எஞ்சின் மாற்றி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, டெம்பரேச்சர் முள் எந்நேரமும் நடுவிலேயே நிற்கிற மாதிரி ஒரு ரெசிஸ்டரை (கரண்டைக் கட்டுப்படுத்துகிற சின்னப் பாகம்) ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சின் சூட்டை அளக்கிற சென்சாருக்கு வயரே போகவில்லை. இப்போது சூட்டில் வளைந்துபோன எஞ்சின் ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்) லேத்தில் கிடக்கிறது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

வண்டி அப்பாவுடைய அம்பாசடர். 1489 சிசி எஞ்சின் தேய்ந்துபோய், போர் போட்டும் தாங்கவில்லை. மாருதி ஜிப்ஸியில் வந்த 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்‌ஷன்) பெட்ரோல் எஞ்சினை ஏற்றினோம். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதைச் செய்தவர் வேறு. ஆனால் டேஷ்போர்டை மாற்ற எனக்கு மனமில்லை. அப்பா முப்பது வருஷம் பார்த்த மீட்டர்கள் அவை. டெம்பரேச்சர் மீட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. பழைய சென்சாரின் மரை 5/8 இஞ்ச். புது எஞ்சினில் அதற்கான ஓட்டையே இல்லை. புது எஞ்சினின் சென்சாரைப் பழைய மீட்டருக்குக் கொடுத்தால் முள் தப்புத்தப்பாகக் காட்டும், ஏனென்றால் சூட்டுக்குத் தகுந்தபடி சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் மாறும், ஒவ்வொரு மீட்டரும் அதில் தனக்கென்று ஒரு கணக்கை எதிர்பார்க்கிறது.

கோவையில் பழைய வண்டிகளை மட்டும் எடுத்துச் செய்கிற ஒரு பட்டறை. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். "ஒரிஜினல் சென்சார் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறோம் அண்ணா, ரேடியேட்டர் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அலுமினிய அடாப்டர் வைத்து அதில் மாட்டிவிடலாம்" என்றார்கள். சென்சார் 6,000, அடாப்டர் கடைசல் 4,500, வயரிங்கும் கூலியும் 6,000. மொத்தம் 16,500. முழுப் பணமும் முன்கூட்டியே.

நான் நம்பியது எப்படி என்று சொல்லியாக வேண்டும், அங்கேதான் விஷயமே இருக்கிறது. சென்சார் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஸ்டவ்வில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சென்சாரின் பித்தளை உடம்பில் ஒரு எர்த் வயரைச் சுற்றி, தலையில் மீட்டர் வயரை மாட்டி, இடுக்கியால் பிடித்துத் தண்ணீரில் இறக்கினார் அங்கே வேலை செய்கிற ஒரு பையன். முள் மெதுவாக எழுந்து சூட்டுப் பக்கம் போனது. வெளியே எடுத்து ஆறவிட்டார், இறங்கியது. பல வருஷமாக அசையாமல் கிடந்த முள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓனர் என் தோளில் கை வைத்து, "அப்பாவோட மீட்டர் இனி பேசும் அண்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பில்கூடக் கேட்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வண்டியை எடுத்த மறுநாளே ஒன்றைக் கவனித்தேன். காலையில் குளிர்ந்த எஞ்சின், சாவி போட்டுக் கொஞ்ச நேரத்தில் முள் நடுவுக்கு வந்துவிடுகிறது. போன் செய்து கேட்டேன். "இன்ஜெக்‌ஷன் எஞ்சின் சீக்கிரம் சூடாகும் அண்ணா, கவலைப்படாதீங்க" என்றார்கள். எஞ்சினை ஸ்டார்ட்டே செய்யவில்லையே என்று கேட்டதற்கு, "நேத்து ஓட்டின சூடு இருக்கும்" என்றார்கள். ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டி!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினோம். பர்லியாறு தாண்டியதும் இழுவை குறைந்தது. முள் நடுவில். பானெட்டிலிருந்து கூலன்ட்டின் இனிப்பு வாசம் வந்தது. முள் நடுவில். நிறுத்தித் திறந்தால் ஆவி. அவர்கள் வைத்த அடாப்டரின் கிளாம்ப்பிலிருந்தே தண்ணீர் ஒழுகி வற்றியிருக்கிறது. அந்த எஞ்சினுக்கு ஹெட்டும் அலுமினியம், பிளாக்கும் அலுமினியம். சூடு ஏறினால் வளையாமல் என்ன செய்யும்? பின் சீட்டில் அம்மா இருந்தார்கள்.

கீழே இறக்கிக் கொண்டுவந்து வேறொரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் மீட்டரின் பின்னால் கை விட்டு ஒரு கருப்பு டேப் உருண்டையை இழுத்தார். பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர். ஒரு கால் மீட்டருக்கு, இன்னொரு கால் பாடி எர்த்துக்கு. சென்சாருக்குப் போகிற வயர் வெட்டப்பட்டு டேப் சுற்றியிருந்தது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். இந்த வகை சென்சாருக்கு ஒரே வயர்தான், எர்த் அதன் உடம்பு வழியாகப் போக வேண்டும். எஞ்சினில் நேராக மாட்டினால் தானாகக் கிடைக்கும். அவர்கள் அடாப்டரை ரப்பர் ஹோஸின் நடுவில் வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் ரப்பர். எர்த் கிடையாது, அதனால் முள் குளிரிலேயே கிடந்திருக்கும். அடாப்டரிலிருந்து எஞ்சினுக்கு இரண்டடி வயர் இழுத்து ஒரு லக் (போல்ட்டில் மாட்டுகிற வளையம்) போட்டிருந்தால் தீர்ந்தது. நூறு ரூபாய் வேலை! அதைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு, ஒரு குடும்பம் போகிற வண்டியில் பொய் சொல்கிற முள்ளை வைத்திருக்கிறார்கள். இதை நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே செய்தது.

பட்டறைக்குப் போன் போட்டேன். முதலில், "எலக்ட்ரிகல் ஐட்டத்துக்கு வாரன்டி இல்ல அண்ணா." ரெசிஸ்டர் போட்டோ அனுப்பியதும், "அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர்." ஸ்டெபிலைசர் மீட்டருக்குள் வருகிற கரண்டைத்தான் சீராக்கும், அது தனியாக அதன் இடத்தில் இருக்கிறது என்றேன். அப்புறம், "மலையில ரெண்டாவது கியர்ல ஏத்தியிருப்பீங்க." அப்புறம், "ஓனர் வெளியூர்." அப்புறம் ப்ளூ டிக் மட்டும். நேரில் போனேன். எனக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டிய அதே பையன், "நான் இங்க புதுசு சார்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அன்று அண்ணா, இன்று சார். 16,500-ல் ஒரு ரூபாய் திரும்பவில்லை. வளைந்த ஹெட்டைச் சீவி மட்டமாக்குகிற பிளேனிங், கேஸ்கெட் செலவு தனி.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. வெந்நீர் சோதனையை வண்டியில் மாட்டுவதற்கு முன் காட்டினால் போதாது, மாட்டிய பிறகு உங்கள் கண்முன் குளிர்ந்த எஞ்சினில் சாவி போட்டுப் பாருங்கள். முள் அடியில் இருக்க வேண்டும். சென்சார் வயரைக் கழற்றினால் முள் விழ வேண்டும், விழாவிட்டால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். முடிந்தவரை ஹோஸில் வைக்க விடாதீர்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு தெர்மோஸ்டாட். அதைத் தாண்டிய ஹோஸில் அது திறக்கும்வரை சூடு தெரியாது, தண்ணீர் வற்றினால் சென்சார் காற்றில் தொங்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவின் இரண்டு பின் சென்சாரில் வயர் ஒட்ட யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், பெட்ரோல் கணக்கே கெட்டுப்போகும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த 6,000 ரூபாய் சென்சார் உண்மையிலேயே ஒரிஜினலா என்று இன்று கழற்றிப் பார்க்கப் போகிறோம். பட்டறையில் இதே வேலைக்கு இன்னும் இரண்டு அம்பாசடர்கள் நின்றதைப் பார்த்தேன். அந்த வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மலை ஏறாதீர்கள், முதலில் மீட்டருக்குப் பின்னால் கை விட்டுப் பாருங்கள்.