கர்நாடக சங்கீதம் ஆன்லைனில்: நேரடி வகுப்பா, பதிவுப் பாடமா?

ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்க இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஜூமிலோ கூகுள் மீட்டிலோ குருவும் மாணவியும் ஒரே நேரத்தில் உட்காருவது. மற்றது, குரு பாடிப் பதிவுசெய்து அனுப்ப, மாணவி தனக்குத் தோதான நேரத்தில் கேட்டுப் பாடி, தன் பதிவைத் திருப்பி அனுப்புவது. முதலாவதுதான் வகுப்பு, இரண்டாவது ஒப்புக்குச் சப்பாணி என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

நேரடி வகுப்பின் பெரிய சிக்கல் தாமதம். குரு சென்னையிலும் மாணவி நியூயார்க்கிலும் இருந்தால், மிகக் குறுகிய வழியில் போனாலே சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஆக, இடையில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் குரல் போய்ச்சேர 67 மில்லி விநாடி ஆகும். போய்த் திரும்ப 135. கேபிள் சுற்றிப்போகும் பாதை, வீட்டு வைஃபை, செயலி ஒலியைச் சுருக்கி விரிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் போய்வர 300ஐத் தொடுவது சாதாரணம். பேச்சுக்கு இது பெரிய தொந்தரவில்லை. சேர்ந்து பாடுவதற்கோ ஒரு வழிக்கு 25, 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே இழுக்கத் தொடங்கிவிடும். அதிக விலைக்கு பிராட்பேண்ட் போட்டாலும் ஒளி வேகமாக ஓடாது.

முதலில் கற்கும் சரளி வரிசையையே பாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், தட்டுக்கு ஒரு ஸ்வரம், மூன்றாம் காலத்தில் நான்கு. அப்போது ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 250 மில்லி விநாடி. சென்னையில் குரு போடும் தாளத்துக்குப் பிள்ளை சரியாகவே பாடினாலும், அது குருவின் காதில் ஒரு ஸ்வரத்துக்கும் மேல் பிந்தித்தான் விழும். விஷயம் புரியாத குரு ‘தாளத்தில் நிற்க மாட்டேன் என்கிறாயே’ என்று கடிந்துகொள்வார். பிள்ளை அவரைப் பிடிக்க ஓடும். அதுவரை சரியாக இருந்த தாளம் அப்புறம்தான் நிஜமாகவே கெடும்.

இதற்கு வழி இருக்கிறது. தாளம் பாடுகிறவர் கையில் இருக்க வேண்டும். தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோம், சுருதி தரும் தம்பூரா செயலி இரண்டும் பிள்ளையின் அறையில் ஓடட்டும். அதன் குரலும் தாளமும் சேர்ந்தே பிந்தி வருவதால் ஒன்றுக்கொன்று விலகாது. அதோடு, ஒருவர் பாடும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டு மைக் ஒரே சமயத்தில் திறந்தால் ஜூம் போன்ற செயலி பெரும்பாலும் ஒரு குரலை அமுக்கிவிடும். தம்பூராவின் விடாத நாதத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அது அழித்துவிடுவதும் உண்டு. ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்று அசல் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதைப் போடாமல் ‘சுருதி சேரவில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் நேரடி வகுப்பை விட முடியாததற்குக் காரணம், அதில் பிள்ளையின் முதல் முயற்சி தெரிகிறது. மூச்சை எங்கே விடுகிறது, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தாடை எப்படி இறுகுகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, எல்லாம் நடக்கும்போதே அகப்படும். அங்கேயே நிறுத்தித் திருத்தலாம். பதிவில் வருவது பத்து முறை பாடிப் பார்த்ததில் தேறிய ஒன்று. மற்ற ஒன்பதும் குருவுக்குத் தெரியாது. அடிப்படை வரிசைகளில் இருப்பவர்களுக்கு இது ஆபத்து. தப்பான பிடியில் ஒரு வாரம் சாதகம் செய்துவிட்டால் அதைக் கழற்றுவதற்கு ஒரு மாதம் ஆகும்.

ஆனால் கீர்த்தனை கட்டத்துக்கு வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஒரு பல்லவிக்கு ஆறு சங்கதி (அதே வரியை மாற்றிப் பாடும் விதம்) இருந்தால், ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது என்பதை இருபது முறையாவது கேட்க வேண்டும். குருவை இருபது முறை பாடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பதிவுக்கு அலுப்பு கிடையாது. தோடி ராகத்தில் காந்தாரம் என்ற ஸ்வரத்தின் அசைவை யூடியூபில் 0.5 வேகத்தில் போட்டுக் கேட்டால், எங்கிருந்து கிளம்பி எதைத் தொட்டு வருகிறது என்பது பிடிபடும். வாட்ஸாப் வாய்ஸ் நோட்டில் வேகத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. போதாததற்கு ஒலியை நன்றாகச் சுருக்கியும் விடும். போனின் ரெக்கார்டரில் பதிந்து, கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அறையிலேயே பதிந்த குரல் என்பதால் இதில் இணையத் தாமதமும் கிடையாது. தாளத்தைத் துல்லியமாகக் கேட்டுத் திருத்த நேரடி வகுப்பைவிட இதுவே மேல் என்பேன்.

பதிவுப் பாடம் ஒன்றும் இணையத்தோடு பிறந்ததில்லை. அகில இந்திய வானொலியின் இசைப் பயிற்சியைக் கேட்டுக் கற்றவர்களும், பாட்டு வகுப்பை கேசட்டில் பிடித்துவந்து தேய்த்தவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது ஒன்றுதான்: தான் பாடியதை அனுப்பித் திருத்தம் வாங்கும் வழி. இன்றும் அந்தத் திருத்தம் வராவிட்டால் பதிவுப் பாடம் வெறும் ஆடியோக் குவியல்தான். குரு பதில் அனுப்பக் கெடு, மாணவி அனுப்பக் கெடு இரண்டையும் முதலிலேயே பேசிவைக்க வேண்டும். கெடு இல்லாத பாடம் மூன்றாவது வாரத்தில் தூங்கிவிடும்.

இரண்டிலும் மோசமானது, குழந்தைகளைக் கூட்டமாகச் சேர்த்து நடத்தும் நேரடி வகுப்பு. நேரில் ஆறு பேர் என்றால் ஆறு பேரும் சேர்ந்து பாடுவார்கள், கூச்சம் போகும், ஒருவர் குரலில் மற்றவர் சுருதி பிடிப்பார். ஆன்லைனில் ஐந்து பேர் மியூட்டில் இருக்க ஒருவர் பாடுவார். நாற்பது நிமிடத்தில் குரு பாடும் பாதியைக் கழித்தால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் சொச்சம். மிச்ச நேரம் அது வேறு ஜன்னல் திறந்து விளையாடுகிறது என்றால் அதன்மேல் குற்றமில்லை.

நேர வித்தியாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் காலை எட்டு என்றால் இங்கே இரவு எட்டரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் ஒன்பதரை. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

என்னைக் கேட்டால், அடிப்படைப் பயிற்சியான அலங்காரம் முடியும்வரை வாரம் இரண்டு முறை, அரை மணி நேரமானாலும், தனியாக நேரடி வகுப்பு. கீர்த்தனைக்கு முன் வரும் வர்ணம் தொடங்கியதும் பாடத்தைப் பதிவுக்கு மாற்றிவிட்டு, நேரடி வகுப்பை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாம். அந்த வகுப்பில் புதிய பாடம் வேண்டாம். பாடியதைக் கேட்பதும் திருத்துவதும் மட்டும். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையைக் குருவும் மாணவியும் மாறி மாறிப் பாடலாம், தாளம் இல்லாததால் தாமதம் உறுத்தாது. தாளத்துக்குள் ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பது மட்டும் இரண்டு வழியிலும் நடக்காது. அதற்கு லீவில் ஊருக்கு வரும்போது குருவின் எதிரே போய் உட்கார வேண்டியதுதான்.