ஓய்ந்த எண்ணெய் மேடை: பெயர்த்து எடுப்பதா, பாறைத்திட்டாக விடுவதா?

கிணறு வற்றியபின் கடலில் நிற்கும் எஃகுச் சட்டகத்தை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு.

முழுவதும் அகற்றுவது, பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வட கடலின் வழி. 1995இல் பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை ஆழ்கடலில் மூழ்கடிக்க ஷெல் எண்ணெய்க் கம்பெனி முயன்றது; கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு எதிர்த்ததும் திட்டத்தைக் கைவிட்டது. 1998இல், வடகிழக்கு அட்லாண்டிக் கடலைக் காக்கும் ஆஸ்பார் உடன்படிக்கையின் நாடுகள், சில விலக்குகளைத் தவிர, மேடைகளைக் கடலில் விடவே தடை விதித்தன. முழுவதும் அகற்றினால் கடற்படுகை பழைய நிலைக்குத் திரும்பும், வலைகள் சிக்காது. ஆனால் செலவு மிகப் பெரிது. கால்களை வெடிவைத்து அறுத்தால் சுற்றியுள்ள மீன்கள் கூட்டமாகச் சாகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த மிதவையின் மீதே குளிர்நீர்ப் பவளம் வளர்ந்திருந்தது.

மெக்சிகோ வளைகுடாவில் வேறு வழி. மேல்தளத்தைக் கரைக்குக் கொண்டுபோய், சட்டகத்தைச் சாய்த்தோ மேற்பகுதியை வெட்டியோ மீன்கள் தங்கும் செயற்கைப் பாறைத்திட்டாக்குகிறார்கள். 500க்கும் மேற்பட்ட மேடைகள் இப்படி மாறியுள்ளன. கம்பெனி மிச்சப்படுத்தும் பணத்தில் பொதுவாகப் பாதி அங்குள்ள அமெரிக்க மாநிலத்தின் பாறைத்திட்டுத் திட்டத்துக்குப் போகிறது, மறுபாதி கம்பெனிக்கே. எனக்கு உறுத்துவது இதுதான்: சூழல் காப்பு என்ற பெயரில் துப்புரவுச் செலவு குறைகிறது. மேடை மீனைப் பெருக்குகிறதா, வேறிடத்து மீனை ஓரிடத்தில் திரட்டுகிறதா என்ற வாதமும் ஓயவில்லை.

சேற்றுப் படுகையில் இரண்டாவது வழிக்கு நியாயம் உண்டு, கிணறு முறையாக அடைக்கப்பட்டிருந்தால். இழுவலை ஓடும் கடலில் முதல் வழியே சரி.