குறைந்த கிலோமீட்டரா, மிச்ச வாரண்டியா? பழைய ஸ்பைடர் வாங்கும் முன்

கனடாவிலோ அமெரிக்காவிலோ பழைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் தேடுபவர் முன் இரண்டு விளம்பரங்கள் எதிரெதிரே நிற்பது வழக்கம். இரண்டுமே கேன்-ஆம் ஸ்பைடர், இரண்டிலும் 1330 சிசி ரோட்டாக்ஸ் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு வயது ஆறு, ஓடியது 11,000 கிலோமீட்டர்தான், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. மற்றது போன வருடம் வாங்கியது. அதற்குள் 38,000 ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள், ஆனால் கம்பெனி வாரண்டி இன்னும் எட்டு மாதம் பாக்கி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பத்தில் ஒன்பது பேருக்குக் கை முதல் வண்டிக்குத்தான் போகும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

11,000 என்ற எண் அவ்வளவு அபூர்வம் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் பக்கம் பெரும்பாலானோர் பனிக்காலத்துக்காக நவம்பரில் வண்டியை மூடி வைத்தால் ஏப்ரலில்தான் எடுப்பார்கள். ஆறு வருடம் என்றால் அதில் சுமார் இரண்டரை வருடம் சும்மா நின்ற காலம். நின்ற வண்டி தேயாது என்பது பாதி உண்மைதான். பேட்டரி செத்துப்போகும், பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் கெட்டுப்போகும், ரப்பர் இறுகும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. கோடுகள் எல்லாம் ஆழமாகத் தெரிந்தாலும் அந்த டயரை நான் மாற்றித்தான் ஓட்டுவேன். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் முதல் வண்டியின் விலையைப் பார்க்க வேண்டும்.

38,000 ஓடிய வண்டியில் என்ன தேய்ந்திருக்கும்? பின் டயர் ஒருமுறையாவது மாறியிருக்கும். ஸ்பைடருக்குப் பின்னால் ஒரே சக்கரம், அதுவும் வளைவில் சாயாத சக்கரம், ஆகவே நடுப்பகுதி சீக்கிரம் மழுங்கிவிடும். பிரேக் பேட் தேய்ந்திருக்கும். எஞ்சினுக்கு இது பெரிய தூரமில்லை. 2014இல் ஆர்டி மாடலோடு வந்த இந்த மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியே 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு: பெல்ட்டைச் சுழற்றும் முன் ஸ்ப்ராக்கெட். அதைச் சுற்றி துரு நிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன என்று அர்த்தம். ஸ்பைடர் ஓட்டுபவர்கள் நன்றாக அறிந்த தொல்லை இது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணால் பார்த்துக் கணக்குப் போடக்கூடியவை. ஸ்பைடரில் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு. வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்ளும் நிலைப்படுத்தி, பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. ஸ்டியரிங்குக்கு மின்சார உதவி. கிளட்ச் லீவரே இல்லாத எஸ்இ6 கியர் பெட்டி. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பிணைத்து வைத்திருக்கிறது. ஒரு சென்சார் கோளாறு சொன்னால் வண்டி தானாகவே வேகத்தை அடக்கிக்கொள்ளும். மூலையில் இருக்கும் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பைடரைத் தயாரிக்கும் பிஆர்பி நிறுவனத்தின் பட்ஸ் என்கிற சோதனை மென்பொருள் வைத்திருக்கும் டீலரிடம்தான் போக வேண்டும். டீலரின் கூலி உங்களுக்கே தெரியும். இந்த இடத்தில்தான் எட்டு மாத வாரண்டிக்கு உண்மையான மதிப்பு. தேயும் பாகங்களுக்கு அது பைசா தராது, ஆனால் திடீரென்று பெரிய பில் நீட்டும் பாகங்களுக்குத் தரும்.

சரி, எட்டு மாதம் என்றால் எந்த எட்டு மாதம்? வாரண்டி நாட்காட்டியைப் பார்த்து ஓடுகிறது, பனி பெய்கிறதா என்று பார்ப்பதில்லை. ஏப்ரலில் வாங்கினால் முழு சீசனும் பாதுகாப்பு. அக்டோபரில் வாங்கினால் அதில் பெரும்பகுதி கராஜில் கழிந்துவிடும், மே, ஜூனோடு முடிந்துபோகும். அப்படியானால் வாரண்டிக்கென்று கூடுதல் விலை கொடுக்க நான் தயாரில்லை. அதே வண்டி பனி இல்லாத ஃப்ளோரிடாவில் நின்றால் கணக்கு வேறு.

அப்புறம் தேதி. பிஆர்பியின் இரண்டு வருட வாரண்டி தொடங்குவது மாடல் ஆண்டில் இல்லை, முதல் உரிமையாளருக்கு விற்ற நாளில். ஷோரூமில் ஒரு வருடம் தூங்கிய வண்டிக்கு நீங்கள் நினைத்ததைவிட அதிகம் மிச்சமிருக்கலாம். வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால் டீலர் சொல்லிவிடுவார். குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனி விடுத்த திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள். அமெரிக்காவில் அந்த வேலை இலவசம். வாரண்டி முடிந்த வண்டியானாலும் சரிதான்.

"வாரண்டி உண்டு" என்ற சொல்லுக்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கும். கம்பெனி வாரண்டி ஒன்று, பிஆர்பியே விற்கும் பெஸ்ட் என்ற நீட்டிப்பு ஒன்று, வெளி நிறுவனங்கள் விற்கும் ஒப்பந்தங்கள் ஒன்று. மூன்றாவதை நான் வாரண்டியாகவே எண்ணுவதில்லை. முன் அனுமதி, முதல் தொகை நம் கையிலிருந்து, கூலிக்கு உச்சவரம்பு, விலக்குப் பட்டியல் என்று பக்கம் பக்கமாகப் போகும்.

இந்தத் தராசு எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி சாயாது. 2008 மாடலிலிருந்து வந்த பழைய 990 இரட்டை சிலிண்டர் ஸ்பைடர்களுக்கு வாரண்டிப் பேச்சே இல்லை. அங்கே சர்வீஸ் ரசீதும் கிலோமீட்டரும்தான் துணை. ஹார்லியின் மூன்று சக்கர வண்டியான ட்ரை கிளைடுக்கும் இரண்டு வருட வாரண்டிதான், தூர வரம்பு கிடையாது. ஆனால் வாரண்டி முடிந்த ஹார்லியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வெளி மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் வட அமெரிக்காவில் தாராளம். மில்வாக்கி-எய்ட் எஞ்சின் வந்த 2017 மாடலோ அதற்குப் பிந்தியதோ என்று பார்ப்பது எனக்கு வாரண்டியைவிட முக்கியம்.

ஹோண்டா கோல்ட் விங்கை மூன்று சக்கரமாக மாற்றியவை தனி ரகம். எஞ்சின் லட்சம் மைலை அலட்சியமாகத் தாண்டும், ஆகவே ஓடிய தூரம் பயமுறுத்தக் கூடாது. வாரண்டிதான் அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது: எஞ்சினுக்கு ஹோண்டா, பின் அச்சுக்கு மாற்றிக் கொடுத்த நிறுவனம். சத்தம் அச்சில் வந்தால் ஹோண்டா டீலர் கையை விரிப்பார். மாற்றியவர் யார், இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த வண்டியில் ஓடோமீட்டர் மைலில் இருக்கலாம். 20,000 என்று பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், அது 32,000 கிலோமீட்டர்.

இரண்டாவது வண்டியைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் விற்பவரை டீலர் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்பைடரின் வாரண்டி அடுத்தவர் பெயருக்கு மாறும், ஆனால் பழைய உரிமையாளர் சம்மதித்ததற்கு ஆதாரமும் புதியவரின் முகவரியும் பிஆர்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். போன பிறகு போன் எடுக்காத விற்பனையாளர்கள் நிறைய.