டர்பன் குழந்தைக்கு முதல் கோடு போட்ட போர்வை: எந்தத் தையல், எந்த நூல்?

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவதை, புதிதாகப் பழகுகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: முதல் போர்வைக்கு ட்ரெபிள் என்கிற உயரமான தையலை நேர் வரிசையாகப் போட்டுக்கொண்டே போ, வேறொன்றும் வேண்டாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கற்றுக்கொள்ளச் சுலபமான தையல் வேறு, அழகாக முடித்துக் கொடுக்கச் சுலபமான தையல் வேறு. பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கென்று ஆசையாக ஊசியை எடுத்தவர்கள், பாதியில் பைக்குள் சுருட்டி வைத்துவிடுவதற்குப் பெரும்பாலும் அந்த நேர் வரிசைதான் காரணம்.

சிக்கல் ஓரத்தில் இருக்கிறது. ட்ரெபிள் வரிசையில் திரும்பும்போது போடுகிற மூன்று சங்கிலியும் ஒரு தையலாகக் கணக்கில் வரும். புதிதாகப் பழகுகிறவர் ஒன்று அதன் தலையில் குத்த மறப்பார், இல்லை பக்கத்தில் கூடுதலாக ஒன்று குத்துவார். வரிசைக்கு ஒரு தையல் போனாலும் போதும், போர்வை மேலே போகப் போகக் குறுகிவிடும். ஒரே நிறமாக இருந்தால் கொஞ்சம் மறையும். கோடு போட்டால் மறையவே மறையாது. ஒவ்வொரு கோடும் அளவுகோல் வைத்த மாதிரி பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் போட்டியாக இரண்டு தையல்களைச் சொல்வேன். ஒன்று கிரானி ஸ்ட்ரைப். மூன்று மூன்று ட்ரெபிளாகச் சேர்த்து, கீழ் வரிசையின் இடைவெளிக்குள் ஊசியை விட்டுப் போடுவது. எங்கே குத்துவது என்று தேட வேண்டாம், ஓட்டை கண்ணெதிரே இருக்கும். சரசரவென்று வளரும், நூலும் குறைவாகவே பிடிக்கும், காற்றும் போகும். ஆனால் அந்த ஓட்டைக்குள் பச்சைக் குழந்தையின் விரல் போய் மாட்டும். ஆறேழு மாதம் கழித்துத் தள்ளுவண்டியில் மடிமேல் போட என்றால் சரி, பிறந்த குழந்தைக்கு நான் இதைப் பின்னமாட்டேன்.

இன்னொன்று மாஸ் ஸ்டிச். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு டபுள் குரோஷே (ட்ரெபிளைவிடக் குட்டையான தையல்), ஒரு சங்கிலி, ஒரு தையலைத் தாண்டி மறுபடி டபுள் குரோஷே. அடுத்த வரிசையில் அந்தச் சங்கிலியின் இடைவெளிக்குள் டபுள் குரோஷே. அவ்வளவுதான் முழு வேலையும். வரிசையின் கடைசித் தையலும், திரும்பும்போது போட்ட இரண்டு சங்கிலியின் பெரிய இடைவெளிக்குள்ளேயே விழுவதால் ஓரம் தானாக நேராக நிற்கும். கை ஒரு நாள் இறுகி ஒரு நாள் தளர்ந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். குறை என்றால் வேகம்: ட்ரெபிள் ஒரே வரிசையில் ஏறுகிற உயரத்துக்கு இதில் இரண்டு வரிசையாவது போட வேண்டும். (நான் சொல்வதெல்லாம் நம் தென்னாப்பிரிக்கக் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் முறைப் பெயர்கள். அமெரிக்க முறைக் குறிப்பில் இதே டபுள் குரோஷேக்கு சிங்கிள் என்று பெயர்.)

சதுரம் சதுரமாகப் பின்னி இணைப்பது 2013 டிசம்பரில் கேரலின் ஸ்டெய்ன் நெல்சன் மண்டேலா நாளுக்காகத் தொடங்கிய ‘67 போர்வைகள்’ இயக்கத்துக்குப் பிறகு இங்கே பலருக்குப் பழக்கம். பலர் சேர்ந்து செய்ய அருமையான வழி. தனியாகச் செய்கிற புதியவருக்கு இணைக்கிற வேலையே தனிப் பாடம்.

அளவை 75-க்கு 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கும் தள்ளுவண்டிக்கும் தரையில் விரிக்கவும் போதும். தூங்கும் தொட்டிலுக்கு வேண்டாம். ஒரு வயதுக்குள் குழந்தை தூங்குமிடத்தில் தளர்வான போர்வையே கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நூலுக்கு வருவோம். இங்கே ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஜனவரிப் புழுக்கத்தில் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் வியர்வையை உறிஞ்சாது, குழந்தையின் முதுகு நசநசத்துப் போகும். விலை குறைவு, மெஷினில் துவைக்கலாம், சட்டென்று காயும், எல்லாம் உண்மைதான். பருத்தி உடம்புக்கு இதம். ஆனால் கனம்: அக்ரிலிக் டி.கே. (நடுத்தரத் தடிமன் நூல்) 100 கிராமில் 300 மீட்டர் அளவுக்கு வந்தால், பருத்தியில் 200 மீட்டரை ஒட்டித்தான் வரும். அதே போர்வைக்குக் கூடுதல் கண்டு வாங்க வேண்டும். டர்பனில் மழை பிடித்துக்கொண்டால் கொடியில் லேசில் காயாது. இழுத்தால் நீளாத நூல் என்பதால் பழகாத கையும் வலிக்கும். அதனால் பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிப்பாதி கலந்த டி.கே. நூலும் 4 மி.மீ. ஊசியும்தான் என் தேர்வு. தொடக்கச் சங்கிலியை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போடுங்கள், அடி இறுகாது.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா பிள்ளைக்கு என்றால் கதை வேறு. ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும், காற்றும் காய்ந்திருக்கும். அங்கே மெஷினில் துவைக்கத் தகுந்த மெரினோ கம்பளிக்குச் செலவு செய்யலாம். லேபிளில் அப்படி எழுதாத கம்பளியைச் சுடுதண்ணீரில் துவைத்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். மொஹேர் (அங்கோரா ஆட்டு முடி நூல்) மட்டும் வேண்டாம். உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி நம் நாட்டில்தான் விளைகிறது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் அதன் பஞ்சு குழந்தையின் வாய்க்குள் போகும், தையலும் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாகக் கோடு. அகலக் கோடு என்றால் நிறத்துக்கு நிறம் நூலை வெட்டி, தொங்கும் நூல் வாலைத் துணிக்குள் செருக வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒரு நிறம் என்றால் வெட்டாமல் ஓரமாக மேலே கொண்டுபோகலாம். இவற்றைவிட எனக்குப் பிடித்தது மூன்று நிறம், வரிசைக்கு ஒன்று. முதல் நிறம் இடது ஓரத்தில் முடியும்; இரண்டாவது அங்கே தொடங்கி வலது ஓரத்தில் முடியும்; மூன்றாவது மறுபடி இடது பக்கம் வந்து நிற்கும். இப்போது முதல் நிறம் அதே ஓரத்தில் உங்களுக்காகக் காத்திருக்கும்! கடைசிவரை வெட்டவே வேண்டாம். மாஸ் தையலில் இப்படிப் போட்டால் தறியில் நெய்த துணி மாதிரி நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். பழைய நிறத்தின் கடைசித் தையலை முடிக்கிற இழுப்பைப் புது நிறத்தில் இழுங்கள், மாற்றம் சுத்தமாக விழும். மூன்று கண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, துணியை ஒருமுறை இடமாகவும் மறுமுறை வலமாகவும் திருப்பினால் சிக்காது. சிவப்போடு வெள்ளை சேர்ப்பதாக இருந்தால், முதலில் சிவப்புத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.

ஓரமாக ஏறிய நூல்களை மூடச் சுற்றிலும் டபுள் குரோஷே இரண்டு சுற்று, மூலைக்கு மூன்று தையல். மூன்று நிறங்களில் அடர்ந்தது எதுவோ அதிலேயே போடுங்கள், வெளிர் நிறத்தில் போட்டால் உள்ளே ஏறிய நூல் நிழலாடும்.