கொப்பியில் எழுதி வைத்த கேள்விகள்: ஆறு ஆண்டு அனிமே பரிந்துரை அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) தெரிவு ஆறு ஆண்டுகளாக என் பொறுப்பு. ஒரு தொடர் முடிந்ததும் "இதைப் போல வேறு என்ன இருக்கிறது?" என்று என்னிடம்தான் வருவார்கள்.

தொடக்கத்தில் செயலி காட்டும் பட்டியலையே நம்பினேன். அது வகையை மட்டும் பார்க்கிறது. 'டெத் நோட்'டின் 37 எபிசோடையும் முடித்த சூட்டோடு தங்கை அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு துப்பறியும் தொடர்களைத் தொடங்கினாள். இரண்டையும் பாதியில் விட்டாள். அவளைப் பிடித்து வைத்திருந்தது புதிர் அல்ல. யார் வாழலாம் என்று முடிவு செய்ய எவருக்கு உரிமை என்ற கேள்விதான். அதே கேள்வியை மறுபக்கத்தில் நின்று கேட்கிறது 'மான்ஸ்டர்'. 'டெத் நோட்'டின் நாயகன் லைட் யாகமி தானே தீர்ப்பளித்துக் கொல்கிறான். 'மான்ஸ்டர்' நாயகன் டொக்டர் டென்மாவோ எல்லா உயிரும் சமம் என்று நம்பி, மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்கிறார். அவன் கொலைகாரனாக வளர்கிறான். 74 எபிசோட், மெதுவான நடை. அதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். முழுவதும் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். தொடரின் பெயருக்கு நேரே அதன் உள்ளிருக்கும் கேள்வியை எழுதுவேன். 'முஷிஷி'யும் 'நட்சுமே யூஜின்சோ'வும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன: பிறர் காணாததைக் காண்பவனின் தனிமை. இரவில் ஒவ்வொரு எபிசோடாகப் பார்க்க இவற்றைவிட நல்லவை எனக்குத் தெரியாது.

நான் மிகவும் நம்பும் இணை 'வயலெட் எவர்கார்டன்', 'வின்லாண்ட் சாகா'. கிளிநொச்சியிலிருந்து பெரியம்மா வந்து தங்கியபோது முதலாவதைப் போட்டேன். ஆயுதமாக வளர்க்கப்பட்டு, போரில் இரு கைகளையும் இழந்த பெண் பிறருக்காகக் கடிதம் எழுதும் கதை. பத்தாவது எபிசோடில், சாகப்போகும் தாய் மகளின் ஐம்பது பிறந்தநாள்களுக்கும் கடிதம் எழுதுவிக்கிறாள். பெரியம்மா அழவில்லை. "இந்தப் பிள்ளை தான் செய்ததை எப்படிச் சுமக்கும்?" என்றுதான் கேட்டார்.

அதற்குப் பதிலாக 'வின்லாண்ட் சாகா'வின் இரண்டாம் பருவத்தைக் கொடுத்தேன். பழிவாங்கவே வளர்ந்த தோர்ஃபின் டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமையாகக் காடு வெட்டுகிறான். அவன் கொன்றவர்கள் கனவில் வருகிறார்கள். முதல் பருவத்தில் இரத்தம் அதிகம் என்பதால் அந்தக் கதையை வாயால் சொன்னேன். ஊர் திரும்பும் நாளில் எட்டு எபிசோட் மிச்சம் இருந்தது. கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறுமுன் அவற்றைத் தன் போனில் இறக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.