டிடி-214 திருத்தும் போர்டுகள்: பயிற்சியிலேயே வெளியே வந்தவர்களுக்கு எவ்வளவு பயன்?

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, பேசிக் ட்ரெயினிங் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் தங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தை (அதன் பெயர் டிடி-214) மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அரசாங்கமே ஒரு சேவை வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கேட்டுப் பார்த்ததால் நிலைமை மோசமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். இருப்பதைவிட டிஸ்சார்ஜைக் கீழே இறக்க, மனுவைப் பரிசீலிக்கும் ரிவியூ போர்டுக்கு அதிகாரம் இல்லை. இவ்வளவு இருந்தும் பயிற்சிக் கால மனுக்கள் பல வெறுங்கையோடு திரும்புகின்றன. போர்டு கறார்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாதித் தப்பு, அந்தக் காகிதத்தில் மாறவே மாறாத கட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதில் இருக்கிறது.

அதனால் சேவையை எடைபோடும் முன் டிடி-214 காகிதத்தையே ஒருமுறை பார்த்துவிடுவோம். மெம்பர்-1 பிரதியைப் பார்த்துப் பயனில்லை. கீழ்ப்பகுதி விவரங்கள் அதில் வராது. மெம்பர்-4 தான் வேண்டும். அதில் 24ஆம் கட்டம் சேவையின் தன்மை. பயிற்சியில் வெளியேறியவர்களுக்கு இங்கே பெரும்பாலும் 'அன்கேரக்டரைஸ்டு' என்று இருக்கும். 25 எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள் என்பது. 26இல் மூன்றெழுத்துக் கோடு, அதாவது குறியீடு: 'ஜேஜிஏ' என்றால் ஆரம்பக் கட்டச் செயல்திறனும் நடத்தையும் சரியில்லை, 'ஜேஎஃப்டபிள்யூ' என்றால் சேரும்போதே உடல்தகுதி இருந்திருக்கவில்லை, 'ஜேடிஏ' என்றால் உண்மையை மறைத்துச் சேர்ந்தார். 27 மறுபடி சேரலாமா என்று சொல்லும் ஆர்இ கோடு. 28இல் காரணம் வார்த்தையில் இருக்கும்.

வெளியே வந்தவர்கள் எல்லோரும் முறைத்துப் பார்ப்பது 24ஐ. உண்மையில் ஆளைக் குத்துவது 26, 27, 28.

'அன்கேரக்டரைஸ்டு' என்பது பரீட்சையில் ஃபெயில் ஆனதைப் போல அல்ல. விடைத்தாளையே திருத்தவில்லை என்பதைப் போல. நல்ல பேரும் இல்லை, கெட்ட பேரும் இல்லை. மதிப்பிடும் அளவுக்கு நாள் ஆகவில்லை என்பதுதான் அதன் பொருள். இந்த ஆரம்பக் கட்டக் கணக்கு நெடுங்காலம் தொடர்ச்சியான முதல் 180 நாளாக இருந்தது; நீங்கள் வெளியேறிய தேதியில் எந்த விதி அமலில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் வெளியேறியவருக்கு 'ஹானரபிள்' (மரியாதைக்குரியது) என்று கொடுக்க வேண்டுமென்றால், நடத்தையிலும் பணியிலும் அசாதாரணமாக ஏதாவது இருந்து, அதைத் துறைச் செயலர் மட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. "ஒழுங்காகத்தான் இருந்தேன், அதனால் ஹானரபிள் தாருங்கள்" என்று கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒழுங்காக இருப்பது அங்கே எதிர்பார்க்கப்படுவது, அசாதாரணம் அல்ல.

எதற்காக மாற்ற நினைக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பயிற்சியில் முழங்கால் போயிற்று, முன்னாள் படையினர் நலத் துறையான விஏவில் இழப்பீடு வேண்டும் என்றால் அப்கிரேடு, அதாவது டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்துவது, தேவையே இல்லை. ஆரம்பக் கட்ட 'அன்கேரக்டரைஸ்டு' பிரிவை 'டிஸ்ஹானரபிள் அல்லாதது' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விஏவின் விதியிலேயே இருக்கிறது. நேராக இழப்பீட்டுக்கான 21-526இஇசட் படிவத்தைப் போடலாம். 24 மாதக் குறைந்தபட்சச் சேவை நிபந்தனை பணியில் வந்த ஊனத்துக்கான இழப்பீட்டைத் தடுக்காது. மாறாக ஜிஐ பில் படிப்புதவிக்காக அப்கிரேடு கேட்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்கள். 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில்லில், மொத்தச் சேவை 24 மாதத்தைத் தொடாதவருக்குப் பேசிக் ட்ரெயினிங் நாட்கள் கணக்கிலேயே சேராது. 110 நாள் பயிற்சிக்கு 'ஹானரபிள்' வாங்கினாலும் கல்விக் கணக்கில் சுழியம்தான். பணியில் ஏற்பட்ட ஊனத்துக்காகவே அனுப்பப்பட்டவர்களுக்கு வேறு கணக்கு உண்டு. அது தனிக் கதை.

மறுபடி சேரத்தான் ஆசை என்றால் ஆர்இ கோடைப் பாருங்கள். ஆர்இ-3 என்றால் கதவு பூட்டவில்லை, சாத்தியிருக்கிறது. ரெக்ரூட்டர் (ஆள் சேர்ப்பவர்) மூலம் வெயிவர், அதாவது விதிவிலக்கு, கேட்கலாம், போர்டு வரை போக வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஆள் எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்து வெயிவர் கிடைப்பதும் மாறும். ஆர்இ-4 என்றால்தான் போர்டு. விமானப்படையில் எண் வேறு. 2சி என்று இருந்தால் ஆரம்பக் கட்டப் பிரிவும் அதில் அடக்கம்.

குடியுரிமை இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 24ஆம் கட்டம் நிஜமாகவே தலைவலி. குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறன் போன்றவற்றுக்காகச் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது; அந்த வழியில் போன நம் ஆட்களும் உண்டு. ராணுவச் சேவை வழியாகக் குடியுரிமை கேட்கும்போது மரியாதைக்குரிய பிரிவு என்று காட்ட வேண்டியிருப்பதால், 'அன்கேரக்டரைஸ்டு' என்ற ஒற்றைச் சொல் அங்கே இழுபறியைக் கிளப்பும். இவர்கள் குடிவரவு வக்கீலையும் கூடவே வைத்துக்கொண்டுதான் மனுப் போட வேண்டும்.

இனி சேவைக்கு வருவோம். ஜன்னல்கள் இரண்டு. முதலாவது டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டு. படிவம் டிடி-293, வெளியேறி 15 ஆண்டுக்குள் போட வேண்டும். தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரீன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவலுக்கு ஒன்று. குறைந்தது மூன்று பேர் அமர்ந்து பெரும்பான்மையில் முடிவெடுப்பார்கள். சேவைத் தன்மையையும் காரணத்தையும் மாற்றலாம். உடல் ஊனத்துக்கான மருத்துவ ஓய்வாக மாற்றித்தர இவர்களால் முடியாது. ஆர்இ கோடை மாற்றும் அதிகாரம் கடற்படை போர்டுக்கு இல்லை. இரண்டாவது ஜன்னல் ராணுவப் பதிவுத் திருத்தப் போர்டு. படிவம் டிடி-149. தவறைக் கண்டுபிடித்து 3 ஆண்டுக்குள் என்பது விதி. நியாயம் கருதித் தளர்த்தலாம், ஆனால் ஏன் தாமதம் என்று தனியாக ஒரு பத்தி எழுதித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினால், உள்ளே இருக்கும் வாதத்தைப் படிக்கும் முன்பே நிராகரிக்க வழி செய்து கொடுத்தது போலாகும். இவர்களுக்கு அதிகாரம் பெரிது: ஆர்இ கோடு, மருத்துவக் காரணம் எல்லாம் இங்கேதான். ஆனால் முதல் ஜன்னலில் முடியக்கூடிய வேலையோடு இங்கே வந்தால் "அங்கே போய்விட்டு வா" என்று திருப்பிவிடுவார்கள்.

படிவத்தை நிரப்புவது ஒரு மணி நேர வேலை. அதற்கு முந்திய வேலைதான் மாதக் கணக்கு. செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 போட்டோ, அவர்களது இணையதளம் வழியாகவோ முழுக் கோப்பையும் கேளுங்கள். "டிடி-214 அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால் அது மட்டும்தான் வரும். பணியாளர் கோப்பு, மருத்துவக் கோப்பு, வெளியேற்ற நடவடிக்கைக் கோப்பு என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கும்: எந்தத் தேதியில் அறிவிப்பு கொடுத்தார்கள், எத்தனை முறை கவுன்சலிங் செய்தார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள். ஆவணத்தைப் பார்க்காமல் மனுப் போடுபவர்தான் இந்தச் சேவையில் அதிகம் அடிபடுகிறவர். அரசாங்கம் விதிப்படிதான் நடந்தது என்ற அனுமானத்தோடுதான் போர்டு தொடங்கும். அந்த அனுமானத்தை உடைப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு ஞாபகம் போதாது, காகிதம் வேண்டும்.

மனுவின் வாதத்தை இரண்டு தராசில் நிறுப்பார்கள். ஒன்று முறைமை: விதியை மீறி அனுப்பினார்களா. மற்றது நியாயம்: விதிப்படியே நடந்திருந்தாலும் முடிவு நியாயமானதா. ஒரு மாதிரியைப் பாருங்கள். ஆறாவது வாரம் ஒருவருக்குக் கீழ்க்காலில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (தொடர் அழுத்தத்தால் வரும் எலும்பு விரிசல்). காகிதத்தில் 'சேரும்போதே தகுதி இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் இப்படி எழுதுகிறார்: "நான் மனம் தளராமல் உழைத்தேன், நாட்டுக்குச் சேவை செய்ய ஆசைப்பட்டேன், இன்னொரு வாய்ப்பு தாருங்கள்." இதில் போர்டு பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: "28ஆம் கட்டத்தின் காரணம் தவறு. சேரும்போது எடுத்த டிடி-2808 உடல் பரிசோதனையில் இரண்டு கால்களும் இயல்பு என்று குறித்திருக்கிறது (இணைப்பு 1). வலி என்று முதலில் பதிவானது பயிற்சியின் ஆறாவது வாரம் (இணைப்பு 2). அதற்கு முன் எனக்கு எலும்பு முறிவு இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஆகவே காரணத்தையும் கோடையும் மாற்றக் கோருகிறேன்." ஐந்து வரி. முக்கியமான இரண்டு வரிக்கும் காகிதம் உண்டு.

'மறைத்துச் சேர்ந்தார்' என்ற காரணத்தோடு வந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "ஆஸ்துமாவைச் சொல்லாதே என்று ரெக்ரூட்டர்தான் சொன்னார்" என்று எழுதினால், மறைத்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ரெக்ரூட்டர் அனுப்பிய செய்தியோ கூட இருந்தவரின் எழுத்து வாக்குமூலமோ இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள். இல்லையென்றால், சேரும்போது நிரப்பிய டிடி-2807-1 மருத்துவ வரலாற்றுப் படிவத்தின் கேள்வி உண்மையில் எதைக் கேட்டது, சிறுவயதோடு போய்விட்ட மூச்சிரைப்பு அதில் அடங்குமா என்று பார்ப்பது பலமான வழி.

மனநலம், தலைக்காயம், பாலியல் அத்துமீறல் ஆகியவை காரணமாக இருந்தால் தனிச் சலுகை உண்டு. 2014இல் பாதுகாப்புத் துறையின் ஹேகல் குறிப்பாணையில் தொடங்கி அதே துறையின் 2017 கர்டா குறிப்பாணை விரிவாக்கிய 'தாராளப் பார்வை' அது. நான்கு கேள்வி கேட்பார்கள்: அப்படி ஒரு நிலையோ அனுபவமோ இருந்ததா, அது பணிக் காலத்தில் நிகழ்ந்ததா, நடந்ததற்கு அது காரணம் சொல்கிறதா, டிஸ்சார்ஜை விடக் கனமானதா. பாலியல் அத்துமீறலுக்கு அன்றே புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர் கடிதம் வாங்கும்போது நோயின் பெயரோடு நிற்கவிடாமல், மூன்றாவது கேள்விக்கு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். வெறும் நோய்ப்பெயர் முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடும்.

ரிவியூ போர்டில் ஆவணப் பரிசீலனை, நேர் விசாரணை என்று இரண்டு வாய்ப்பு. முதலில் ஆவணம், தோற்றால் விசாரணை என்று போனால் இரண்டும் கிடைக்கும். நேராக விசாரணை கேட்டால் ஆவண வாய்ப்பு போச்சு. ஆனால் 15 ஆண்டுக் கெடு விசாரணைக்கும் சேர்த்துத்தான். பதினான்காவது ஆண்டில் நிற்பவர் விசாரணையையே கேட்பது புத்திசாலித்தனம்.

வேகத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கை கூசுகிறது. திருத்தப் போர்டுகள் 90 சதவீத மனுக்களைப் 10 மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதத்துக்கு மேல் போகாமலும் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தில்லாத படிவம், இடையில் மாறிய முகவரி போன்ற அற்பக் காரணங்களால் இன்னும் நீளும். அசல் ஆவணத்தை அனுப்பாதீர்கள், நகல் போதும். 2019 டிசம்பர் 20 அல்லது அதற்குப் பின் வெளியேறியவர்களுக்கு, இரண்டு போர்டிலும் தோற்ற பிறகு மூன்றாவதாக ஒரு மேல்முறையீட்டு போர்டும் உண்டு. அங்கே சேவைத் தன்மை மட்டும்தான் பேச்சு.

"ஆறு மாதம் கழித்துத் தானாக மாறிவிடும்" என்று வெளியே அனுப்பும்போது யாராவது சொல்லியிருப்பார்கள். மாறாது. அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. "அப்கிரேடு உறுதி" என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவர்களையும் அதே கூடையில் போடுங்கள். டிஏவி, அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படையினர் சங்கங்கள், கவுண்டியின் முன்னாள் படையினர் நல அலுவலர்கள், சட்டக் கல்லூரி கிளினிக்குகள் இலவசமாகச் செய்கின்றன. உட்காரும் முன் ஒரு கேள்வி: "டிடி-293 போட்ட அனுபவம் உண்டா?" விஏ கிளெய்மில் புலியாக இருப்பவர்கள் சிலர் இதைத் தொட்டதே இருக்காது.

ஜெயித்தால் புது டிடி-214 வரும், அல்லது பழையதோடு ஒட்டிப் படிக்க வேண்டிய டிடி-215 வரும். வந்ததும் 24 முதல் 28 வரை ஐந்து கட்டத்தையும் உத்தரவோடு வைத்துச் சரிபாருங்கள். காரணத்தை மாற்றிவிட்டு 26இன் மூன்றெழுத்தை அப்படியே விட்டிருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். சில வாரம் கழித்து செயின்ட் லூயிஸுக்கு இன்னொரு முறை மனுப் போட்டு, அவர்கள் கோப்பிலும் புதியது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலைக்கு எடுப்பவர் உங்கள் சம்மதத்தோடு அங்கேயும் கேட்கக்கூடும்.